கோப்ரல் அம்மப்பா

அம்மப்பா ஆமியில் இருந்தவர் என்று சொன்னால், எந்தச் சண்டையில் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு சண்டையிலும் இல்லை. 1942இல் சேர்ந்த நாள் தொட்டு அறுபதுகளின் நடுவில் பென்ஷனோடு வெளியே வரும்வரை அவர் ஓட்டியது லொறி. அரிசி, பெற்றோல், விறகு, தண்ணீர்ப் பீப்பா, கூடாரத் துணி, சில வேளை சவம். சுடப் பழக்கினார்கள்; பலகையில் சுட்டார். அதன் பிறகு துவக்கு என்றால் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான். “நான் ஒருத்தனையும் சுட்டதில்ல, என்னையும் ஒருத்தன் சுட்டதில்ல, கணக்குச் சரி” என்பார். பதவியும் கோப்ரலோடு நின்றுவிட்டது. அமிர்தகழியில் அவருடைய சொந்தப் பெயர் விதானையாருக்கும் தபால்காரருக்கும் மட்டும்தான் தேவைப்பட்டது. மற்றவர்களுக்கு அவர் கோப்ரல் ஐயா.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்வீட்டை அம்மாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மம்மாவோடு அதே வளவின் மேற்கு ஓரத்தில் கிடுகு வேய்ந்த சின்ன வீடு ஒன்றுக்குக் குடிபோயிருந்தார். நாங்கள் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தது உண்மையில் அந்தச் சின்ன வீட்டில்தான். விடியக் கருக்கலில் கிணற்றடியில் வாளி தட்டுப்படும். அவர் குளித்து, செவன் ஓ குளொக் பிளேடால் முகம் வழித்து, எனாமல் கோப்பையில் வெறுந்தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் கோவில் மணி அடிக்கும். பள்ளிக்கூடம் போக முதல் நாங்கள் மாமரத்தின் கீழ் வரிசையில் நிற்க வேண்டும். இன்ஸ்பெக்ஷன். நகம், காதின் பின்பக்கம், சப்பாத்து, கடைசியாகத் தண்ணீர்ப் போத்தல். போத்தல் நிரம்பியிருக்காவிட்டால் ‘டிஸ்மிஸ்’ கிடையாது. தங்கச்சிக்கு அப்போது ஐந்து வயது. அவள் ‘அட்டென்ஷன்’ என்றதும் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பாள். அவர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பிவிடுவார்.

நகம் பார்க்கிற கண்டிப்பை வைத்து அவரைக் கடும் ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. காய்ச்சல் என்றால் இரவிரவாக நெற்றியில் ஈரத் துணி மாற்றிக்கொண்டு கிடந்தவர் அவர்தான். அம்மா வந்து எழுப்பினாலும் போகமாட்டார். யுத்த காலத்தில் மலேரியாவுக்கு மெப்பக்ரின் குளிசை கொடுத்து, முகாமில் எல்லோருடைய தோலும் மஞ்சளாகிப் போன கதையை அந்த இரவுகளில்தான் சொன்னார். “கறுப்பன், வெள்ளக்காரன், சிங்களவன், தமிழன், எல்லாரும் ஒரே மஞ்சள் மனே.” காய்ச்சல் நேரத்தில் கேட்டதாலோ என்னவோ, மஞ்சள் மனிதர்கள் வரிசையாக நிற்கிற அந்தப் படம் எனக்குள் இன்னும் இருக்கிறது.

அவர் ஆமியில் சேர்ந்ததற்குக் காரணம் வறுமைதான். அம்மம்மா அதை ஒளிக்கமாட்டா. ஆனால் அவரைக் கேட்டால் 1942 ஏப்ரல் 9ஐச் சொல்வார். அன்றைக்கு அவருக்கு இருபது வயது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், பாலமீன்மடுக் கரையில் யாருக்கோ வலை இழுக்கப் போயிருந்தார். முற்பகலில் கடல் பக்கம் இடி முழங்கியது, வானம் வெளித்திருந்தது. மழைக்கோலமே இல்லாத இடி. பிறகு கிடைமட்டமாகப் புகை.

அது ஹேர்மிஸ். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் என்று பிரிட்டிஷ் கடற்படை பெருமைப்பட்ட கப்பல், அன்றைக்கு மேல்தளத்தில் ஒரு விமானமும் இல்லாமல் திருகோணமலையிலிருந்து தெற்கே போயிருந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு போட்ட அதே ஜப்பானியப் படைதான், அன்று காலை திருகோணமலையைத் தாக்கிவிட்டு இதையும் பிடித்தது. சில நிமிடங்களில் கப்பல் தாண்டது. அதோடு 307 பேர். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. மருத்துவக் கப்பல் வீற்றா அறுநூறு பேரளவில் தூக்கியெடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனது. ஹேர்மிஸ் இன்றும் எங்கள் கடலடியில், ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் சரிந்து கிடக்கிறது. இப்போது வெளிநாட்டுக்காரர் காசு கட்டி இறங்கிப் பார்க்கிறார்கள்.

அம்மப்பாவுக்கு இந்த விபரம் ஒன்றும் அன்று தெரியாது. புகையைப் பார்த்தார், வலையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள், அவரும் ஓடினார். சேர்ந்த பிறகு முகாமில்தான் கப்பலின் பெயரை அறிந்தார். ஆனால் ஓடியதை அவர் மறக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோவில் தீர்த்தக்குளத்தில் ஊர் முழுக்க இறங்கிப் பிதிர்க்கடன் செய்யும்போது, நெரிசலில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அவரும் இறங்குவார். தகப்பனுக்கு, தாய்க்கு, இளவயதில் செத்த தமையனுக்கு என்று எள்ளும் தண்ணீரும் விட்ட பிறகு இன்னொரு கை அள்ளுவார். ஆருக்கு என்று ஒருமுறை கேட்டேன். “கப்பல்காரருக்கு.” ஐயர் இதைக் கேட்டாரோ தெரியாது. கேட்டிருந்தால் அந்த 307 பேரின் கோத்திரத்துக்கு என்ன சொல்லியிருப்பார் என்று நான் பிற்காலத்தில் யோசித்ததுண்டு.

படையில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை திருகோணமலைப் பாதை. அந்தக் கரையோரப் பாதையில் ஆறும் களப்பும் குறுக்கிடும் இடமெல்லாம் லொறியைப் பாதைப் படகில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். படகு மறுகரையில் நின்றால் அரைநாள் போய்விடும். சீனன்குடாவில் எரிந்த எண்ணெய்த் தாங்கியை அவர் கண்டிருக்கிறார். ஜப்பானிய விமானம் ஒன்று மோதி, ஏழு நாட்கள் நின்றெரிந்தது என்று சொல்லப்படுகிற தாங்கி. இரும்பு உருகி மடிந்திருந்ததைச் சொல்லும்போது அவர் குரல் தாழாது. எரிபொருள் எவ்வளவு வீண் என்று சாரதி கணக்கில் சொல்வார். எனக்கு அந்த வயதில் இது ஏமாற்றமாக இருந்தது. என் வகுப்பில் ஒருவனுடைய பாட்டன் புலி அடித்தவர்.

யுத்தம் முடிந்து ஆட்களைக் கலைத்தபோது ஊருக்கு வந்து, அரிசி ஆலை லொறி ஓட்டி, கல்யாணமும் முடித்தார். 1949 ஒக்டோபர் 10இல் சுதந்திர நாட்டுக்கென்று ஒரு படை உருவானதும் பழைய ஆட்களைக் கூப்பிட்டார்கள், திரும்பிப் போனார். அந்தக் காலத்தைச் சொல்லும்போதுதான் அவரிடம் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கும். 1955இல் அன்ரன் முத்துக்குமாரு தளபதியானார். அந்தக் கதிரையில் இருந்த முதல் இலங்கையர் அவர், தமிழரும்கூட. இன்று பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்தில் மெஸ்ஸில் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள், சிங்களத்தில் பகிடி விட்டார்கள், தமிழில் ஏசினார்கள், இங்கிலிசில் கட்டளை வந்தது. மற்றவன் பாஷையை அவர் அங்கேதான் பழகினார். கண்டி ஆள் பேசுவதுபோல் சிங்களம் பேசுவார்.

1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது, 1958இல் கலவரம் வந்தது. எங்கள் பக்கம் அந்த மே மாதம் ஏறாவூரில் ரயில் தடம்புரட்டப்பட்டதோடு நினைவில் நிற்கிறது. அம்மப்பா அப்போது கொழும்பில். அடிபட்டு, வீடிழந்து முகாம்களில் கிடந்த தமிழர்களைக் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். துறைமுகத்துக்கு ஏற்றிப் போன லொறிகளில் ஒன்று அவருடையது. பின்னால் தட்டில் நெருங்கி இருந்தவர்கள் தமிழில் அழுதார்கள், பயந்தார்கள், இந்த ஆமிக்காரன் எங்களை எங்கே கொண்டுபோகிறான் என்று தங்களுக்குள் கேட்டார்கள். முன்னால் இருந்த சாரதிக்கு எல்லாம் விளங்கியது. அவர் வாயைத் திறக்கவில்லை.

“நீங்களும் தமிழன் எண்டு சொல்லியிரிக்கலாமே” என்றேன்.

“சொன்னா என்னப் புடிச்சிக்கொண்டு அழத் தொடங்கிருவாங்க மனே. நானும் அழுவன். மறுகா ஆர் லொறி ஓட்டுற?”

இந்தப் பதிலை நான் பல வருடம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்றே பட்டது. இப்போதும் முழுதாக ஏற்கிறேன் என்று சொல்லமாட்டேன். துறைமுகத்தில் ஒரு கிழவி இறங்கும்போது அவருடைய கையைப் பிடித்து இறங்கினாளாம். சிங்களத்தில் “பரிஸ்ஸமென்” என்றாராம், பார்த்து என்று.

1962 சதிமுயற்சிக்குப் பிறகு மேலிடத்தில் ஆட்களைத் தரம் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் மட்டத்தில் யாரும் யாரையும் துரத்தவில்லை. தமிழில் ஏச ஆள் குறைந்துகொண்டே வந்தது, அவ்வளவுதான். பென்ஷனுக்குரிய காலம் முடிந்ததும் ஒரு தகரப் பெட்டி, ஒரு விடுகைப் புத்தகம், இரண்டு பதக்கங்கள். அவற்றில் யுத்தப் பதக்கத்தின் பின்பக்கம் இரட்டைத் தலைப் பாம்புபோல் ஒன்றைச் சிங்கம் மிதித்துக்கொண்டு நிற்கும். நான் அதைக் கிளித்தட்டுக்கு எல்லைக் காசாக வைத்து விளையாடியிருக்கிறேன். அவர் கண்டார், ஒன்றும் சொல்லவில்லை. மழை வந்ததும் எடுத்துவைக்கச் சொன்னார், துருப்பிடிக்குமாம்.

மாதம் ஒருமுறை பென்ஷன் எடுக்க என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போவார். கோட்டைமுனைப் பாலம் கடந்து புளியந்தீவு, அங்கே ஒல்லாந்தர் கோட்டைக்குள் கச்சேரி. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பிடித்த கோட்டைக்குள், வெள்ளைக்காரன் காலத்துச் சேவைக்கு, சிங்களத்தில் எழுதிய படிவத்தில், தமிழ்க் கிளார்க் எண்ணிக் கொடுக்கிற காசு. திரும்பும்போது எனக்குக் கேசரி, தங்கச்சிக்குக் கல்கண்டு, அண்ணனுக்கு ஏதாவது ஒரு கொப்பி. பாலத்தில் சைக்கிளை நிறுத்தி வாவியைப் பார்ப்போம். மட்டக்களப்பைப் பற்றி எழுதுகிறவன் பாடும் மீனைச் சொல்லாமல் போகக்கூடாது என்று ஒரு எழுதாத சட்டம் உண்டு. நான் கேட்டபோது அம்மப்பா, “எஞ்சின் சத்தத்தில என்ட காது எப்பவோ போயிற்று, நீ கேட்டா எனக்குச் சொல்லு” என்றார். ஆகவே சட்டத்தை நிறைவேற்ற முடியவில்லை.

ஆமியிலிருந்து அவர் என்ன படித்துக்கொண்டு வந்தார் என்பதை ஊர் முதன்முதலில் கண்டது 1978 நவம்பர் 23 சூறாவளியில். எனக்கு அப்போது இரண்டு வயது, எல்லாம் கேட்ட கதை. கிழக்கில் ஏறத்தாழ ஆயிரம் பேர் செத்தார்கள். தென்னந்தோப்புகள் விடிந்தபோது தரையோடு கிடந்தன. ஊரார் கூரை தேடி ஓட, இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணறுகளிலிருந்து தூரத்தில், காற்றின் கீழ்ப்பக்கமாக நீளக் குழி வெட்டத் தொடங்கினாராம். ஆட்கள் கோபித்தார்கள். சனம் பசியில் கிடக்குது, கோப்ரலுக்குக் கக்கூஸ் அவசரமாம். “முதல்ல குழி, மறுகா சோறு” என்றுவிட்டுத் தொடர்ந்து வெட்டினார். பிறகு கிணற்றுக்குச் சுண்ணாம்பு, குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைக்க ஒரே இடத்தில் மூன்று அடுப்பு, ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பிறகும் குழியில் ஒரு சிரட்டை மண். எங்கள் ஒழுங்கையில் அந்த மாரியில் வயிற்றோட்டத்தால் ஒரு பிள்ளையும் சாகவில்லை என்று அம்மம்மா சொல்வா. படை என்பது சண்டைக்கு முதல் நோயால்தான் சாகும் என்று அவருக்குக் கற்பித்திருந்தார்கள். அதை நம்பி, அதை மட்டும் கொண்டுவந்தார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு இரவு இயக்கப் பொடியன்கள் சிலர் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஐயாவுக்குத் தெரிந்த பயிற்சியைக் கொஞ்சம் சொல்லித்தர வேண்டுமாம். அம்மம்மா கதவுக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவர் அவர்களை இருத்தி, தேத்தண்ணி கொடுத்துச் சொன்னார்: “எனக்குத் தெரிஞ்சது ரெண்டு வேலை தம்பி. லொறி ஓட்டத் தெரியும், கக்கூசுக்குக் குழி வெட்டத் தெரியும். எது வேணும்?” ஒருவன் சிரித்துவிட்டான். மற்றவன் சிரிக்கவில்லை. போகும்போது, ஆமிப் பென்ஷன் எடுக்கிறீங்க என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனான். அந்தக் கிழமையே அம்மம்மா பதக்கங்களை ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு மாமரத்தடியில் தாட்டுவிட்டா. விடுகைப் புத்தகத்தைப் புதைக்க அவர் விடவில்லை. அதைக் காட்டவேண்டிய ஆட்களும் வருவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வந்தார்கள். 1990இல் எனக்குப் பதினான்கு வயது. சத்துருக்கொண்டானில் அந்த செப்டெம்பர் 9ஆம் திகதி நடந்த படுகொலை எங்களிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டக்களப்பாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வருடங்களில் சுற்றிவளைப்பு என்றால் ஆம்பிளைகள் எல்லோரும் ஒரு வெளியில் குந்த வேண்டும். சாக்கு மூடிய தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். ஒருமுறை அம்மப்பா வெள்ளை வேட்டி, பொலிஷ் பண்ணிய சப்பாத்து, கையில் பொலித்தீனில் சுற்றிய புத்தகத்தோடு முன்னால் போனார். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு சீருடைக்காரன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். பிறகு ஒரு அதிகாரி வந்து வாசித்தான். கதிரை ஒன்று கொண்டுவரச் சொன்னான். நாற்பத்தியெட்டு வருடத்துக்கு முந்திய சேவை இலக்கத்துக்குக் கிடைத்த மரியாதை.

அவர் இருந்தார். நான் குந்தியிருந்தேன். அந்தக் கதிரை எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவராக எழும்ப, இன்னார் மகன், இன்ன தொழில், இவன் பள்ளிக்கூடம் போகிறவன் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னையும் அப்படித்தான், பேரன் என்று சொல்லாமல், ஒன்பதாம் வகுப்பு என்று மட்டும் சொன்னார். நாங்கள் வீட்டுக்கு வந்தோம். பின்வீட்டுப் பொடியன் வரவில்லை. அவனுக்காகவும் சொன்னார், எழுந்து நின்று சொன்னார். புத்தகம் கதிரைக்குப் போதுமாக இருந்தது, அதற்கு மேல் செல்லவில்லை.

அடுத்த நாள் விடிய அவர் முகம் வழித்து, அந்தப் பொடியனின் தாயோடு முகாம் வாசலுக்கு நடந்தார். அதற்கடுத்த நாளும். மற்ற ஊர்த் தாய்மாரும் சேர்ந்தார்கள். தாய் தமிழில் சொல்வதை வாசலில் நிற்பவனுக்குச் சிங்களத்தில் சொல்லுவார், அவன் சொல்வதைத் தமிழில் சொல்லுவார். ஏச்சைக் கூடவா மொழிபெயர்த்தீர்கள் என்று அம்மா ஒருநாள் கேட்டா. அதை மட்டும் விட்டுவிடுவாராம். மாதக்கணக்காகப் போனார். எழுபது வயதை நெருங்கிய மனிசன். பொடியன் திரும்பி வரவேயில்லை. அந்தத் தாய் மட்டும், இறக்கும்வரை, சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் வீட்டுக்கு முதல் பலகாரம் கொண்டுவந்தா.

நான் உயர்தரம் படித்த காலம் கரண்ட் இல்லாத காலம். பின்னேரம் ஆறு மணிக்குக் விளக்குகளின் திரியை வெட்டி, சிமினியைச் சாம்பலால் துடைத்து, மூன்று பேருக்கும் மூன்று விளக்கு வைப்பார். கடைசி ஆள் கொப்பியை மூடும்வரை திண்ணையில் சாய்ந்திருப்பார். என் பரீட்சை முடிவு வந்த அன்று பெரிதாக ஒன்றும் பேசவில்லை. என் நகத்தைப் பார்த்தார், “டிஸ்மிஸ்” என்றார்.

2004 டிசம்பர் 26இல் அவருக்கு எண்பத்திரண்டு. நாவலடியிலும் டச்பாரிலும் கடல் ஏறி வீடுகளை வழித்துக்கொண்டு போயிருந்தது. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் கோவில்களிலும் நிரம்பினார்கள். உதவிக்கு வந்த வெளியூர் இளைஞர்கள் உணவுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருக்க, பொல்லூன்றி வந்த ஒரு கிழவர், குழி எங்கே என்று கேட்டார். ஒரு நிறுவனப் பிள்ளை தன் கையேட்டைத் திறந்து, இருபது பேருக்கு ஒரு மலகூடம் என்று வாசித்துக் காட்டியது. அம்மப்பா கையேட்டை வாங்கி மணந்து பார்த்தார், புதுக் கடதாசி. “சரியாத்தான் எழுதியிரிக்கான். மண்வெட்டி எங்க?” வெட்டியது நானும் அண்ணனும். அவர் கதிரையில் இருந்து ஆழம் சொன்னார்.

கடைசி வருடங்களில் அவருக்குப் பிடித்த வேலை, தான் உயிரோடிருப்பதை நிரூபிப்பது. பென்ஷன்காரர் வருடத்துக்கு ஒருமுறை கிராம சேவகரிடம் உயிர்வாழ் சான்றிதழில் ஒப்பம் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குச் சப்பாத்தைக் கிவி போட்டு மினுக்குவார். “இந்த வருசமும் பாஸ்” என்று திரும்பி வருவார். 2013இல் கல்லடியில் புதுப் பாலம் திறந்தபோது, பழைய இரும்புப் பாலத்தில் எதிரே வருகிற வாகனத்துக்காகக் காத்து நின்ற நேரங்களை எண்ணி ஏசிக்கொண்டே, என் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து இரண்டு தரம் கடந்தார். அந்த வருடக் கடைசியில், மாரி மழைக்குள், ஒரு பகல் தூக்கத்தில் போய்விட்டார்.

மரண அறிவித்தல் அடிக்கும்போது வீட்டில் சண்டை. கனடாவிலிருந்து மாமா தொலைபேசியில், சீருடைப் படத்தைப் போடு, இரண்டாம் உலக யுத்த வீரர் என்று போடு என்றார். பெரியம்மாவின் மகன், இந்த ஊரில் இந்தக் காலத்தில் ஆமி என்று போட்டால் சுவரிலேயே கிழித்துவிடுவார்கள் என்றான். நான் முன்னாள் கோப்ரல் என்று மட்டும் போடுவோமே என்று நடுவில் நின்று இருபக்கமும் ஏச்சு வாங்கினேன். அம்மா சவத்தின் தலைமாட்டிலிருந்து எழும்பி வந்தா.

“ஆமி எண்டு போட்டா வாசிக்கிறவன் துவக்கத்தான் நினைப்பான். அப்பா துவக்கால என்ன செஞ்ச? லொறிச் சாரதி எண்டு போடு. ஆரும் கேட்டா அவரும் அதத்தான் சொல்லுவார்.”

இளைப்பாறிய சாரதி என்று போட்டோம். படம் தங்கச்சியின் கல்யாண அல்பத்திலிருந்து எடுத்த வேட்டிப் படம். அச்சகத்துப் பொடியன் அவசரத்தில் வெட்டியதில், ஓரத்தில் அம்மம்மாவின் தோளும் சேலைக் கரையும் கொஞ்சம் விழுந்துவிட்டன. திருத்தித் தருகிறேன், அரை மணித்தியாலம் ஆகும் என்றான். மழை விட்டிருந்தது, சனம் வரத் தொடங்கியிருந்தது. அப்படியே இருநூறு அடிக்கச் சொன்னேன்.